ஒரே ஆண்டுக்கு இரண்டு பெயர்

2004 பங்குனி, வியாழக்கிழமை. காலை 6.05க்கு ஹம்மில் ரயில் ஏறினேன். பேர்லினுக்கு மூன்று மணித்தியாலம். அரைவிலை அட்டையோடு முப்பத்தைந்து யூரோ. அங்கே இருக்கும் தேவனுக்கு இரண்டு மணிக்கு வெளிநாட்டவர் அலுவலகத்தில் டெர்மின், அதாவது சந்திப்பு நேரம். மொழிபெயர்க்க என்னைக் கூப்பிட்டிருந்தார். வன்னியில் தாயோடு இருக்கும் ஐந்து வயது மகளை இங்கே எடுக்க வேண்டும். அவர் வெளிக்கிட்ட பிறகு பிறந்த பிள்ளை. இன்னும் முகம் பார்த்ததில்லை.

எனக்கோ ஆளில் சந்தேகம். ஆஸ்பத்திரித் துண்டில் பிறப்பு பதினோராம் தேதி இரவு 11.45. அரசாங்கப் பதிவில் பன்னிரண்டாம் தேதி நள்ளிரவு 12.15. தொலைபேசியில் கேட்டதற்கு, "அங்கை ரெண்டு நேரம் அண்ணை. அரசாங்கத்தின்ரை மணிக்கூடு அரை மணித்தியாலம் முந்தி ஓடும். ஆஸ்பத்திரி இயக்கத்தின்ரை, புலியளின்ரை பக்கம்; அங்கை பழைய நேரம்" என்றார். நான் எண்பத்தைந்தில் ஊரை விட்டவன். எங்கள் காலத்தில் நாட்டுக்கு ஒரே நேரம்தான். பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்ல வேண்டாமா?

9.10க்கு பேர்லின் நிலையத்தில் தேவன் கோப்பியோடு நின்றார். "டெர்மினுக்கு நேரம் கிடக்கு. வாங்கோ, நான் துப்புரவு செய்யிற இடத்தைக் காட்டுறன்." நகரின் டாலெம் பகுதியில் ஓர் அருங்காட்சியகம். நுழைவுச் சீட்டையும் அவரே எடுத்தார். என்னத்துக்கு இந்த உபசாரம் என்று யோசித்தபடி போனேன்.

ஜப்பானிய அறையில் கண்ணாடிக்குள் இரண்டு கோயில் கடிதங்கள். இரண்டும் 1350ஆம் ஆண்டு. ஒன்றில் ஆண்டின் பெயர் 'கன்னோ 1', மற்றதில் 'ஷோஹெய் 5'. ஏதோ பித்தலாட்டம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஜெர்மன் குறிப்பை இரண்டு தரம் வாசித்தேன். அப்போது அங்கே இரண்டு பேரரசர்கள்: வடக்கு அரசவை கியோத்தோவில், தெற்கு அரசவை யொஷினோ மலைப்பக்கத்தில். ஆண்டுக்கு ஆளுக்கொரு பெயர் வைத்திருக்கிறார்கள்.

"ஒவ்வொரு நாளும் இந்தக் கண்ணாடியைத் துடைக்கிறனான்," என்றார் தேவன். "ஊர் ஆரின்ரை கையிலையோ, அவையின்ரை வருசத்தைத்தான் சனம் எழுதியிருக்கு. இதைப் பொய்யெண்டு ஒருத்தரும் சொல்லேல்லை அண்ணை."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. "உம்மை நம்பாமல்தான் வந்தனான்," என்றேன். "தெரியும்," என்றார்.

இரண்டு மணிக்கு அதிகாரி அம்மா இரண்டு தாளையும் முன்னால் தள்ளினார். இரண்டு மணிக்கூட்டுக் கதையைச் சொன்னேன்; கண்ணாடிக்குள் இருந்த கடிதங்களையும் சொன்னேன். காலையில் நான் தேவனைப் பார்த்த அதே பார்வையை என் மேல் வைத்தார். பிறகு பேனாவை எடுத்து, ஒரு நாளைத்தான் எழுத முடியும், எது என்றார்.

தேவனிடம் கேட்டேன்.

"எந்த நாளையெண்டாலும் எழுதட்டும் அண்ணை. பிள்ளை என்னட்டை வாற நாளைச் சொல்லட்டும்."

அதை ஜெர்மனில் சொன்னேன். முடிவு கடிதத்தில் வருமாம். ஹம்முக்குத் திரும்பும் ரயிலில் எனக்கு என் மேல்தான் சந்தேகம்: அவர் சொன்னதை, அவர் சொன்ன மாதிரியே சொன்னேனா?