ஆமைக்கு நான் வாங்கிய பல்பு

எதிர்வீட்டு அக்கா தூத்துக்குடிக்காரர், இங்கே பனியன் கம்பெனியில் டெய்லர். போன மார்கழியில் ஊருக்குப் போனபோது, தான் வளர்க்கும் வெளிநாட்டு ஆமையை என் பொறுப்பில் விட்டுப் போனார். மறுநாளே அதற்குச் சூடு தரும் பல்பு ஃபியூஸ் போய்விட்டது.

கடையில் எத்தனை வாட்ஸ் என்று கேட்டார்கள். "பெருசாவே குடுங்க, குளிருக்கு நல்லதுங்க" என்றேன். மாட்டியதும் ஆமை நகர்ந்து மூலைக்குப் போனது. அதற்கென்ன தெரியும் என்று விளக்கடியிலேயே இழுத்துவைத்து, நகர முடியாதபடி சுற்றிலும் செங்கல் அடுக்கினேன்.

அக்கா வரும் நாளில் செங்கலை எடுத்துவிட்டேன். திரும்பி வந்த அவர், ஓடு வெந்திருப்பதைப் பார்த்துப் பதறினார்.

"அதுவே போய் அடியில படுத்துக்கிச்சுங்க அக்கா" என்றேன்.

"எந்தப் பல்புன்னு சொல்லாமப் போனது என் தப்புல்லா தம்பி" என்று அழுதார்.

அதற்கு மேல் என்னால் மறைக்க முடியவில்லை. செங்கல் வைத்ததைச் சொல்லிவிட்டேன். அவர் திட்டவில்லை. அதே பல்பைப் போட்டு, "கைய வச்சுப் பாருங்க தம்பி" என்றார். கொஞ்ச நேரத்தில் வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன்.

டாக்டர் மருந்தில் புண் ஆறிவிட்டது. ஆனால் சூட்டிலிருந்து விலக என் கைக்கு இருந்த வழியை நான் அந்த ஆமைக்கு விட்டுவைக்கவில்லையே என்று இப்போதும் கூசிப்போகிறேன்.