ரயில் போகட்டும்

ஈரச் சாக்கும் தேயிலைத் தூளும் கலந்த ஒரு வாசனை... தெமோதரைத் தோட்டத்துச் சனசமூக நிலையத்தின் கதவைத் திறந்தால் முதலில் அதுதான் வரும். அங்கே மாலை வகுப்பு நடத்த ஸ்டெல்லாவும் நானும் ஒன்றாக வேலைக்குச் சேர்ந்த காலம்.

சின்ன அம்பு எறிந்து விளையாடுகிற, யாரோ கழித்துப்போட்ட டார்ட் போர்ட் ஒன்றை அவள் கேட்டு வாங்கி வந்து சுவரில் மாட்டினாள்.

"லயத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு இது எதுக்குடி?" என்று சிரித்தேன்.

"கண்ணும் கையும் ஒன்னா நிக்கப் பழகட்டுமே!"

பிள்ளைகள் கொய்யாவுக்குக் கல்லெறிகிற மாதிரிதான் வீசினார்கள். டார்ட் கூரையில், கதவில், ஒருமுறை என் குடையில்! ஸ்டெல்லா கோபப்படவே இல்லை. எல்லோரையும் நாற்காலியில் உட்காரவைத்தாள்.

"தோளு சும்மா இருக்கட்டும். முழங்கை மட்டும் வேல செய்யட்டும். விட்ட பெறகும் கை போர்டையே பாத்துக்கிட்டு இருக்கணும்."

அது சரியாக வந்தால்தான் எழுந்து நின்று வீசலாம். நான்தான் எல்லோருக்கும் கடைசியாக எழுந்தேன்...

நிலையத்துக்குப் பின்னால் ரயில் பாதை. ரயில் வந்தால் சுவரே நடுங்கும். தேய்ந்த போர்டில் குத்தியிருக்கும் டார்ட் எல்லாம் பொலபொலவென்று விழும். அதனால் தூரத்தில் ஹோர்ன் கேட்டதுமே ஸ்டெல்லா சொல்வாள்: "கைய எறக்குங்க. ரயில் போகட்டும்."

அப்புறம் பதுளையில் ஒரு போட்டி. ஜெயிக்கிற அணிக்குப் புது போர்ட். எங்களுடையது உதிரத் தொடங்கியிருந்தது. தோற்றால் டார்ட் வகுப்பே அவ்வளவுதான்.

கடைசி வீச்சு எங்கள் துளசிக்கு. நடு வட்டத்தில் பட்டால் வெற்றி. அவள் கையைத் தூக்கிய நேரம், ஸ்டேஷன் பக்கம் ஹோர்ன்.

துளசி கையை இறக்கிவிட்டாள்.

"என்ன மகள், வீசுங்க!" என்றார் நடுவர்.

"ரயில் போகட்டும் சார்."

மண்டபமே சிரித்தது. 'வீசுடி' என்று கத்தப்போனேன். ஸ்டெல்லா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "விடு. அவ சரியாத்தான் நிக்கிறா."

சத்தம் முழுசாக அடங்கியது. துளசியின் முழங்கை மட்டும் அசைந்தது. டார்ட் நடு வட்டத்தில் போய் நின்றது. அப்போதும் அவள் கை போர்டையே பார்த்துக்கொண்டிருந்தது!

புது போர்டில் ரயில் வந்தாலும் டார்ட் விழவில்லை. ஆனாலும் பிள்ளைகள் கையை இறக்கிக் காத்திருந்தார்கள். இனித் தேவையில்லை என்று ஸ்டெல்லாவும் சொல்லவில்லை. அவளைப் போல ஒரு டீச்சரை நான் இன்றுவரை பார்த்ததில்லை.

இப்போது நான் மொனராகலையில். போன வாரம் மகள் காந்த டார்ட்டைப் படபடவென்று வீசிக்கொண்டிருந்தாள். அதிலும் ஃபோனைப் பார்த்துக்கொண்டே! நாற்காலி போட்டு உட்காரவைத்தேன். தோள், முழங்கை எல்லாம் சொல்லிக்கொடுத்தேன்.

"அவசரப்படாத. ரயில் போகட்டும்."

"எந்த ரயில்மா?"

இந்த ஊரில் ரயிலே கிடையாது...

என்றாலும் அவள் கையை இறக்கினாள். இல்லாத அந்த ரயில் போகட்டும் என்று இரண்டு பேரும் காத்திருந்தோம்.