மடி எட்டும் உயரம்

புனே சந்திப்பில் இறங்கியபோது காலை ஏழரை மணி. 2004 பிப்ரவரி, ஸ்வெட்டர் போடாமல் நின்றவன் நான் ஒருவன்தான். ஒரு சிற்பியைப் பற்றி எழுதச் சென்னையிலிருந்து வந்திருந்தேன். லோக்கல் ரயிலுக்கு நான்கு ரூபாய் டிக்கெட் வாங்கி, இருபத்து நான்கு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் தேஹு ரோடில் இறங்கினேன். அங்கிருந்து ஷேர் ஆட்டோ. "மூர்த்திவாலி மேடமா?" என்று ஓட்டுநரே கேட்டார். விலாசம் தேவைப்படவில்லை.

மூர்த்திவாலி, அதாவது சிலைக்கார மேடம் என்பவர் வசந்தா. ஐம்பத்திரண்டு வயது. கட்கி வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்த ஆம்பூர்க்காரரின் மகள். மும்பையில் சிற்பம் படித்தவர். தொண்ணூறுகளில் மகாராஷ்டிரத்தின் ஊர்கள் போட்டி போட்டுக்கொண்டு நாற்சந்திகளில் சிலை வைத்தபோது, பிறருடைய பட்டறைகளில் குதிரைகள் மட்டும் செய்தார். வீரனின் முகம் முதலாளியின் கைவேலை. குதிரை வசந்தாவின் கைவேலை. பிறகு சொந்தப் பட்டறை போட்டு, குதிரை, வீரன் இரண்டையும் அவரே செய்தார். சாத்தாராவிலிருந்து நாந்தேட் வரை அவர் வார்த்த வெண்கலம் நிற்கிறது. எந்தப் பீடத்திலும் அவர் பெயர் இல்லை. திறந்து வைத்தவர்களின் பெயர்கள் இருக்கின்றன.

"எல்லா கமிட்டியும் ஒரே ஒரு திருத்தம்தான் சொல்லுவாங்க. மீசையைப் பெரிசாக்கு," என்றார் வசந்தா. "இதுக்கு மீசை இல்ல. நிம்மதியா செஞ்சேன்."

இது என்று அவர் காட்டியது லாரியில் வைக்கோல் மெத்தையில் அமர்ந்திருந்த ஒரு பெண். வேலை முடிந்து பஸ்ஸுக்குக் காத்திருக்கும் தொழிற்சாலைப் பெண். மடியில் சாப்பாட்டு டப்பா, காலில் பாதி கழன்ற செருப்பு. இடக்கை உள்ளங்கை மேல்நோக்கி டப்பாவின் மேல் கிடந்தது. அதில் நான்கு வளையல்களும் ஒரு தாலிச் சங்கிலியும். வெடிமருந்துப் பிரிவுக்குள் உலோகம் போகக் கூடாது. கேட்டில் கழற்றிக் கொடுத்துவிட்டுத்தான் நுழைய வேண்டும். ஷிப்ட் முடிந்து வாங்கியவள் இன்னும் போட்டுக்கொள்ளவில்லை. அந்த நேரத்துக் களைப்பு முகத்தில் இருந்தது.

கட்கியின் ஓய்வுபெற்ற தொழிலாளர்கள் கமிட்டி போட்டுக் கேட்ட சிலை. தலைவர் ஒருவரின் சிலை அல்லாமல் வசந்தாவிடம் யாராவது வேறொன்றைக் கேட்டது அதுவே முதல் முறை.

பகல் பதினொன்றரைக்கு லாரி கிளம்பியது. பழைய மும்பை சாலை. நிக்டி, பிம்ப்ரி, காசர்வாடி. வேகத்தடை வரும்போதெல்லாம் வசந்தா ஓட்டுநரின் தோளைத் தொட்டார். தாபோடி பாலம் தாண்டியதும் தொழிற்சாலை மதில் ஆரம்பித்தது. ஒரு மணிக்குக் கட்கி பஸ் நிறுத்தம்.

லாரியை விட்டு இறங்கிய வசந்தா அப்படியே நின்றார். நிறுத்தத்தின் அருகே ஏழடி உயரத்தில் கருங்கல் பதித்த பீடம் எழுந்திருந்தது. முகப்பில் தமிழிலும் மராட்டியிலும் ஆங்கிலத்திலும் அவர் பெயர்: சிற்பி வசந்தா.

"எப்படி?" என்றார் கமிட்டித் தலைவர் கோவிந்தசாமி, மார்பில் கை கட்டிக்கொண்டு.

"அண்ணே, தரையோட வைங்கன்னு சொன்னேனே."

"நீ தன்னடக்கத்துல சொன்னேன்னு நெனச்சோம், தங்கச்சி. ஷிப்ட் முடிஞ்ச பசங்க கல்லு சொமந்தாங்க. நம்ம ஏரியா பொண்ணு செஞ்ச செல தரையில குந்திகினு இருக்கிறதா? பிச்சைக்காரின்னு சில்லறை போட்டுட்டுப் போவான்."

வசந்தா கல்லில் தன் பெயரைத் தொட்டுப் பார்த்தார். முப்பதாண்டு வேலைக்கு முதல் முறையாகக் கிடைத்த பெயர். பீடம் இருந்தால் பெயர் இருக்கும். அந்த உள்ளங்கையை யாரும் பார்க்க முடியாது. "இடிச்சுடுங்க அண்ணே," என்றார். கல் சுமந்த இளைஞர்களின் முகம் வாடியது. அதைப் பார்த்துவிட்டு, கிரேன்காரரிடம், "ஏத்துங்க," என்றார்.

ஏற்றினார்கள். கீழிருந்து பார்த்தால் செருப்பின் அடியும் டப்பாவின் அடியும் தெரிந்தன. கோவிந்தசாமி கைதட்டினார்.

மாலை நான்கரைக்குப் பெண்கள் தட்டுகளோடு வந்தார்கள். வீட்டுக்கு வந்த பெண்ணை வெறும் மடியோடு விடக் கூடாது என்பது மராட்டிய வழக்கம். தேங்காயும் அரிசியும் ரவிக்கைத் துணியும் மடியில் இடுவார்கள். ஓட்டி நிரப்புவது என்று பெயர். கட்கித் தமிழ்க் குடும்பங்களுக்கும் அது எப்போதோ சொந்தமாகிவிட்டது. முன்னால் வந்தவர்கள் கோவிந்தசாமியின் மனைவி சரோஜாவும், எல்லாரும் மாவுஷி, அதாவது சித்தி என்று அழைக்கும் அடுத்த வீட்டு மங்களும்.

அண்ணாந்து பார்த்தார்கள்.

"மடி எங்கங்க இருக்குது?" என்றார் சரோஜா.

"மேல," என்றார் கோவிந்தசாமி.

"அங்க நான் தேங்காயை விட்டெறியறதா?"

மாவுஷிக்கு வேறு சந்தேகம். கழுத்து மொட்டையாகத் தெரிகிறதே, சுமங்கலி இல்லையென்றால் ஓட்டி நிரப்பலாமா என்று மராட்டியில் கேட்டார். கூட்டத்தில் முணுமுணுப்பு. வசந்தா வாய் திறந்தார். சரோஜா அதற்குள் ஏணி கேட்டுவிட்டார். கோவிந்தசாமி ஏணியைப் பிடித்துக்கொள்ள, சேலையைச் செருகிக்கொண்டு ஏறினார். மேலே போனவர் சிலையின் மடிமேல் குனிந்தார்.

"இன்னாடி ஆச்சு?" என்றார் கீழிருந்து கோவிந்தசாமி.

"யோவ், கையில வெச்சிருக்கா! வளையலு, தாலி எல்லாம் கையில வெச்சிருக்கா! கேட்டாண்ட வாங்கிகினு வந்திருக்கா, இன்னும் போட்டுக்கல!" சரோஜாவே இருபத்தாறு வருடம் அந்தப் பிரிவில் இருந்தவர். கீழே நின்ற வசந்தாவைத் திரும்பிப் பார்த்தார். "வசந்தாம்மா, இது நானா?"

"எல்லாரும்தான் அக்கா."

அதன் பிறகு ஏணிக்கு வரிசை. மங்கள் மாவுஷி ஏறிப் பார்த்துவிட்டு, "அரே தேவா," என்று கன்னத்தில் கை வைத்தார். நான்காவது பெண் இறங்கியபோது கோவிந்தசாமி ஏணியை விட்டுவிட்டுக் கையை உதறினார்.

"போதும்மா, கை வலிக்குது."

"கட்கியில எத்தினி பேரு இருக்கறோம்? தெனம் ஏணி புடிப்பியா?" என்றார் சரோஜா. "எறக்கு அவள. பஸ்ஸுக்கு நிக்கிறவ மாடியிலயா குந்துவா?"

இளைஞர்களே முதலில் சிரித்தார்கள். பொழுது சாய்வதற்குள் கிரேன் அவளை இறக்கியது. மறுநாள் காலை அதே இளைஞர்கள் தாங்கள் கட்டிய பீடத்தை இடித்தார்கள். ஓரடி அடித்தளம் மட்டும் தங்கியது. பெயர் வெட்டிய கல்லை என்ன செய்வது என்று கேட்டபோது, சிலையின் பக்கத்தில் இருக்கையாகப் போடச் சொன்னார் வசந்தா.

"உன் பேர் மேல உக்காருவாங்களே!"

"உக்காரட்டும் அண்ணே. பஸ் லேட்டாத்தான் வரும்."

எழுத்துகள் முன்பக்கம் தெரியும்படிதான் போட வேண்டும் என்பதில் மட்டும் கோவிந்தசாமி விட்டுக்கொடுக்கவில்லை.

ஞாயிறு மாலை திறப்பு விழாவில் சரோஜா திரையை விலக்கி, வெண்கல மடியில் முதல் தேங்காயை வைத்தார். ஆறு மணிக்குள் டப்பா அரிசியில் மறைந்துவிட்டது. கை மறையாமல் பார்த்துக்கொண்டார்கள்.

திங்கள் காலை சென்னை ரயிலுக்குப் புறப்படும் வழியில் நிறுத்தத்துக்குப் போனேன். சென்னையில் நான் தினமும் கடக்கும் சிலைகள் பல. பாதங்களுக்கு மேல் எவற்றையும் நான் சரியாகப் பார்த்ததில்லை. இங்கே வேலைக்குப் போகும் ஒரு பெண் சிலையின் தோளில் முழங்கையை ஊன்றிக்கொண்டு போனில் பேசிக்கொண்டிருந்தாள். வசந்தா சற்றுத் தள்ளி டீ குடித்தபடி அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த வேலை நாந்தேட்டில், குதிரை, பன்னிரண்டடி பீடம் என்றார்.

பெயர்க் கல்லில் கோவிந்தசாமி உட்கார்ந்திருந்தார். புனேவின் பாணேர் பகுதியிலிருந்து கேமராவோடு வந்த இரண்டு இளைஞர்களுக்கு விளக்கம் நடந்துகொண்டிருந்தது.

"எல்லாரும் ஒசரமா வெப்பாங்க. நாங்க யோசிச்சோம். மடி எட்டணும். அளவு நான் போட்டது. இல்ல தங்கச்சி?"

"பராபர், சரிதான் அண்ணே," என்றார் வசந்தா.

கோவிந்தசாமி கால்களை நகர்த்திக்கொண்டார், கல்லில் பெயர் தெரிவதற்காக.