பனிமலைக்கு நல்லநேரம்

குண்டண்ணை, உன்னுடைய செத்தவீட்டுக்கு வந்த எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "தமிழ்ப் பெடியன், அவனுக்கேன் ஸ்னோவுக்குள்ள மலை ஏறுற வேலை?" வெள்ளைக்காரன் பனிச்சரிவில் செத்தால் விபத்து. நீ செத்தால் கொழுப்பு. உன்னுடைய உடம்பைப் பார்த்தால் அதை மறுக்கவும் முடியாது.

முப்பத்தோராம் நாள் சடங்கு நெருங்கும்போது பெரியப்பா பஞ்சாங்கத்தோடு லாசாலில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தார். உன்னை இங்கே எரித்தது போதாதாம். உயிர் இன்னும் அந்தச் சரிவில்தான் குளிருக்குள் நிற்கிறதாம். ஒரு பகல் முழுக்கக் கார் ஓடிப்போய், மலையேறி, நீ புதைந்த இடத்திலேயே தேங்காய் உடைத்து, கற்பூரம் கொளுத்தி, உன்னைக் கூப்பிட வேண்டுமாம். அம்மா உடனே உன்னுடைய ஜாக்கெட்டை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

"சனிக்கிழமை ராகுகாலம் முடிஞ்ச கையோட ஏறுவம்" என்றார் பெரியப்பா. "திறமான நேரம்."

நான் போனில் அந்த மலைக்கான பனிச்சரிவு எச்சரிக்கையைத் திறந்தேன். நீ செத்ததிலிருந்து தினமும் பார்க்கிறேன். ஏனென்று கேட்காதே. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவள், டெபனர் என்கிற மூலைக்கடையில் சிகரெட் விற்று பிரெஞ்சு பழகினவள், இப்போது காற்று எந்தப் பக்கம் பனியை அடுக்குகிறது என்று வாசிக்கிறேன். சனிக்கிழமைக்கு ஆபத்து அதிகம் என்று போட்டிருந்தது. புதுப்பனி, பலமான காற்று, பின்னேரம் வெயில்.

"பெரியப்பா, அண்டைக்கு ஏறேலாது. சறுக்கும்."

"எடியே, ராகுவும் இல்லை, எமகண்டமும் இல்லை. பேந்தென்ன?"

"ஸ்னோவுக்குப் பஞ்சாங்கம் வாசிக்கத் தெரியாது."

"வாயைப் பார். கொண்ணனும் இப்பிடித்தான்."

அம்மா ஜாக்கெட்டின் சிப்பைக் கழுத்துவரை இழுத்தார். "நீங்கள் வராட்டிலும் நான் போவன்." போவார். பஸ் பிடித்தாவது போவார்.

எனக்கு வேறு வழி தெரியவில்லை. நீ முந்தி எனக்குக் காட்டின மாதிரி, ஒரு தட்டத்தில் சீனியைக் கொட்டிப் பரப்பினேன். அதற்கு மேலே மிஞ்சிக் கிடந்த ரொட்டியை வைத்தேன்.

"அம்மா, இங்க பாருங்கோ. சீனிதான் அடியில கிடக்கிற பழைய ஸ்னோ. குறுணி குறுணியா, ஒண்டோட ஒண்டு ஒட்டாது. ரொட்டி, காத்து அள்ளிக்கொண்டு வந்து இறுக்கினது. மேல நிண்டால் கல்லு மாதிரித்தான் இருக்கும்."

தட்டத்தைச் சரித்தேன். ரொட்டி அசையாமல் இருந்தது. விரலால் ஒரு தட்டுத் தட்டினேன். முழுசாகச் சறுக்கிப் பெரியப்பாவின் மடியில் விழுந்தது. சீனி பஞ்சாங்கத்துக்குள் போனது.

"சிவசிவா! பஞ்சாங்கமடி!"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நீ போன பிறகு அதுதான் முதல் சிரிப்பு. அம்மா சிரிக்கவில்லை. ரொட்டியை எடுத்துத் திரும்பவும் சீனிக்கு மேலே வைத்தார்.

"அவன் எதில நிண்டவன்?"

நான் ரொட்டிக்கு மேலே விரலை வைத்துக் காட்டினேன்.

"அப்ப நாங்கள் மூண்டு பேரும் அதில போய் நிண்டு தேங்காய் உடைச்சால்?"

நான் பெரியப்பாவைப் பார்த்தேன். அவர் வேட்டியிலிருந்து சீனியைத் தட்டிக்கொண்டிருந்தார். "தேங்காய் கொஞ்சம் ஓங்கித்தான் அடிக்கவேணும்" என்று மட்டும் சொன்னார்.

அம்மா ஜாக்கெட்டைக் கழற்றினார். "உருகட்டும். பேந்து போவம்."

"முப்பத்தொண்டு தப்பினால் ஆத்துமா அலையுமெல்லோ?"

"அலையட்டும். அவனுக்கு அந்த மலையெண்டால் உயிர்தானே. எனக்கு இவள் ஒருத்தியாவது மிஞ்சவேணும்."

பெரியப்பா பஞ்சாங்கத்திலிருந்து சீனியை உதறி மூடினார். அம்மா தேத்தண்ணீர் ஊற்றப் போனார். குசினியில் தண்ணீர் கொதித்துக்கொண்டே இருந்தது. அவர் அடுப்பை நிற்பாட்டவில்லை. நான்தான் போய் நிற்பாட்டினேன்.

ஆகவே அண்ணை, கோடை வரும்வரைக்கும் நீ அங்கேயே நிற்கவேண்டியதுதான். நான் கேட்டால் சாமி கேட்கமாட்டார். நீ போன நாளிலிருந்து நான் அவரைப் பேசின பேச்சு அப்படி. அதனால் இதை வாசிக்கிற நீங்கள் கேளுங்கள். கோயிலோ, சேர்ச்சோ, பள்ளிவாசலோ, எங்கே போனாலும் என் அண்ணனுக்காக ஒருக்கால் கும்பிடுங்கள். நாங்கள் அந்த மலைக்குப் போய்ச் சேரும்வரைக்கும் அவனுக்குக் குளிரக்கூடாது என்று கேளுங்கள்.