ஆபீசர் வரும் நாள்

பாச்சா உருண்டை வாசனை வந்தாலே எங்கள் அக்கா கன்னியம்மாவுக்கு முகமெல்லாம் பல்லாகிவிடும். பள்ளிக்கூட பீரோவில் வருஷம் முழுக்க மடித்துக் கிடந்த நீலப் பாவாடையையும் வெள்ளைச் சட்டையையும் டீச்சர் எங்கள் வீட்டுக்கு எடுத்துவந்தால், மறுநாள் ஆபீசர் வருகிறார், ஊனமுற்ற பிள்ளைகளுக்கு உதவித்தொகை கொடுக்கப்போகிறார் என்று அர்த்தம்.

உத்திரமேரூர் பக்கம் எங்கள் ஊர். போலியோவில் இரண்டு காலும் சூம்பிப்போன அக்காவைப் பள்ளியில் சேர்த்த அன்றே, "பேரு எழுதிக்கிறேன், பணம் வருஷா வருஷம் வந்துடும், பொண்ணு வூட்லயே இருக்கட்டும், மூத்திரம் வந்தா இங்க யாரு தூக்கிக்கினு போறது?" என்று ஹெட்மாஸ்டர் எங்கள் நைனாவிடம் சொல்லிவிட்டார். ரைஸ்மில்லில் மூட்டை தூக்குகிற நைனா, சார் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று கும்பிட்டுவிட்டு வந்தார். உதவித்தொகை என்று அதற்குப் பேர். வராமலிருப்பதற்குக் கொடுத்த கூலி என்பேன் நான்.

அந்த ஒருநாள் மட்டும் அக்கா நைனாவின் சைக்கிள் கேரியரில் ஏறுவாள். "இன்னாடி, கலெக்டரம்மா கெளம்பிட்டியா?" என்று எதிர்வீட்டு முனியம்மா சித்தி கிண்டல் பண்ணுவாள். "கலெக்டருக்கு ஜீப்பு குடுப்பாங்க சித்தி, எனக்கு இந்த ஓட்ட சைக்கிளுதான்" என்பாள் அக்கா. முதல் பெஞ்சில் உட்காரவைத்துப் போட்டோ எடுப்பார்கள், கையில் கவர் கொடுப்பார்கள், ஆபீசர் ஜீப்பு கிளப்பிய புழுதி அடங்குவதற்குள் "சரி, இட்டுக்கினு போப்பா" என்பார் ஹெட்மாஸ்டர்.

நான் மூணாவது படித்த வருஷம், அக்கா வீட்டுக்கு வர மாட்டேன் என்று பெஞ்சுப் பலகையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

"அதான் பணம் குடுத்தாச்சே, அப்புறம் இன்னா அடம்?"

"பணத்த நீயே வெச்சிக்க சார். பாடம் நடத்து."

வகுப்பே சிரித்தது, ஹெட்மாஸ்டர் சிரிக்கவில்லை. நைனா கவரையும் அக்காவையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, "பெல் அடிக்கிற வரைக்கும் இருக்கட்டும் சார்" என்று வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அக்கா முழுசாகப் பள்ளிக்கூடத்தில் இருந்தது அன்றைக்கு மட்டும்தான். சாயங்காலம் யூனிபார்மைக் கழற்றி வாங்கிக்கொண்டார்கள்.

மறுநாள் நைனா மில்லுக்குப் போகாமல், அவளுக்குச் சொந்தப் பாவாடையைக் கட்டி அழைத்து வந்தார். கேட்டிலேயே மறித்தார் ஹெட்மாஸ்டர்.

"இன்னிக்கி ஆபீசர் வர்லியேப்பா, எதுக்கு இட்டாந்த?"

"படிக்கிறேன்னு சொல்லுது சார்."

"கட்டாயப்படுத்தினா பேரையே அடிச்சிடுவேன், பணமும் நின்னுடும். யோசிச்சிக்க."

நைனா சைக்கிளைத் திருப்பினார். நான் கேட்டுக்கு உள்ளே நின்றிருந்தேன், அக்கா வெளியே இருந்தாள். பேங்க்கில் அக்கா இன்றைக்கும் கைநாட்டுத்தான் வைக்கிறாள்.

இப்போது அதே பள்ளிக்கூடத்தில் சாய்தளம் இருக்கிறது, பிடித்து நடக்கப் பளபளவென்று கம்பியும் இருக்கிறது. ஆபீசரும் இல்லை, கவரும் இல்லை. பணம் நேராக பேங்க்கில் விழுகிறது, காலம் மாறிவிட்டது என்று பெருமையாகச் சொல்கிறார்கள். எங்கள் தெருவில் கை கால் இழுத்துக்கொண்ட ஒரு பையன் இருக்கிறான். அவன் பேரும் அந்தப் பள்ளிக்கூடத்தில் இருக்கிறது, பணமும் ஒழுங்காக வருகிறது. காலையில் பை மாட்டிக்கொண்டு ஓடும் பிள்ளைகளைக் கதவில் சாய்ந்தபடி பார்த்துக்கொண்டிருக்கிறான். எங்கள் அக்காவுக்காவது வருஷத்தில் ஒருநாள் முதல் பெஞ்சு கிடைத்தது. பணம்தான் தானாக வந்துவிடுகிறதே, அந்த ஒருநாளுக்குக்கூட அவனைத் தூக்கிக்கொண்டு போக இப்போது யாருக்கும் அவசியமில்லை.