விதைத்த வயலில் ஊசிவால் வாத்துக்குக் காவல்

எங்கள் பறவை பார்ப்போர் வாட்ஸ்அப் குழுவில் ஊசிவால் வாத்தைப் பார்க்காத ஒரே ஆள் நான்தான். மூன்று வருடமாக ஒவ்வோர் ஐப்பசியிலும் யாராவது படம் போடுவார்கள். குழுவை நடத்தும் ஓய்வுபெற்ற ஆசிரியர், "கொழும்புக்காரருக்கு இந்த முறையாவது கிடைக்குமா?" என்று கீழே எழுதுவார். கடந்த ஐப்பசிக் கடைசியில் மானம் பொறுக்காமல் ஒரு சனி, ஞாயிறை ஒதுக்கி மட்டக்களப்புக்குக் கிளம்பினேன். படம் இல்லாமல் திரும்புவதில்லை என்று யாரும் கேட்காமலே குழுவில் அறிவித்தும் தொலைத்தேன்.

சனி காலை ஆறரைக்குச் செட்டிபாளையம். நகரிலிருந்து தெற்கே பதினைந்து கிலோமீற்றர்; ஓட்டோ போகவர நான்காயிரம் ரூபாய். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, நடந்தே இரண்டையும் பார்க்கலாம். கடற்பக்கம் ஆலாக்கள், வாவிப்பக்கம் உள்ளான்களும் மஞ்சள் மூக்கு நாரைகளும் இருந்தன. வாத்து மட்டும் ஒன்றுகூட இல்லை. வலை காயப்போட்டுக்கொண்டிருந்த ஒருவருக்கு என்னைப் பார்க்கப் பரிதாபமாக இருந்திருக்க வேண்டும்.

"வாத்துக்கு இஞ்ச நிண்டு என்ன செய்யிற? கிரானுக்குப் போங்க. விதைச்ச வட்டைக்குள்ள அதுகள்ற தொல்லைதான்."

வட்டை என்றால் அங்கே வயல்வெளி. ஞாயிறு காலை ஐந்து மணிக்கு அதே ஓட்டோவில் வடக்கே கிளம்பினோம். கிட்டத்தட்ட இருபத்தைந்து கிலோமீற்றர், காத்திருப்போடு ஆறாயிரம். ஓட்டுநர் யோகன் ஆறு மணிக்கு வயலோரம் நிறுத்திவிட்டு, பின் சீற்றில் கால் நீட்டிப் படுத்துவிட்டார்.

முதல் நாள் மழையில் வயலின் ஒரு மூலையில் தண்ணீர் நின்றது. காவல் பரணின் கீழ் தகரமும் தடியுமாக நின்றவர் தவராசா, வயற்காரர், வயது அறுபது இருக்கும். எதற்கு வந்தேன் என்று சொன்னேன்.

"வாத்தப் பார்க்கவோ? கொழும்பில இருந்தோ?" என்று இரண்டு தரம் கேட்டார். பிறகு அவருக்கு ஒரு யோசனை வந்தது. "அங்கால வரம்ப வெட்டித் தண்ணிய விடோணும், மனே. நீங்க எப்பிடியும் பார்த்துக்கொண்டுதானே இரிக்கப் போறீங்க? வந்தா இதில ரெண்டு தட்டுத் தட்டுங்க. ரெண்டாந்தரம் விதைச்சிரிக்கன். இனி வீட்ட விதைநெல் இல்ல."

'மனே' என்று மகனாக்கிக் கேட்டதாலும், பரணில் இடம் கிடைக்கிறதே என்ற ஆசையிலும் தலையாட்டிவிட்டேன்.

ஆறே முக்காலுக்கு வாவிப் பக்கமிருந்து பதினொரு வாத்துகள் வந்து அந்த மூலைத் தண்ணீரில் இறங்கின. நீண்ட கழுத்து, கூரான வால். ஆண் ஒன்றின் கழுத்தில் வெள்ளைக் கோடு அரைகுறையாகத் தெரிந்தது. சந்தேகமே இல்லை. பையிலிருந்து கமராவை எடுத்தால், விடுதி ஏசி அறைக் குளிர் மாறாத லென்ஸ் முழுக்கப் பனி. சட்டையால் துடைத்தேன், இன்னும் மங்கியது. அதற்குள் பதினொன்றும் தலையைத் தண்ணீருக்குள் விட்டுச் சாப்பாட்டைத் தொடங்கிவிட்டன. ஒரு படம் எடுத்துவிட்டுத் தட்டலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொன்னேன். ஆனால் ஒவ்வொரு தலையும் நிமிரும்போது தவராசாவின் நெல் ஒரு வாய் குறைகிறதே. என்னை நம்பி விட்டுப் போன மனுசன். கமராவைக் கீழே வைத்து, தகரத்தை எடுத்துத் தட்டினேன். தட்டியது மட்டுமில்லை, வாய்க்கு வந்தபடி கத்தியும் தீர்த்தேன்.

தவராசா திரும்பி வந்து மூலையைச் சுற்றிப் பார்த்தார்.

"படம் எடுத்தீங்களோ?"

"இல்லை. தட்டிவிட்டேன்."

தகரத்தை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். "மாசியில வெட்டி முடிஞ்ச மறுகா வாங்க, மனே. அப்ப சிந்தின நெல்லுத்தானே, திண்டுட்டுப் போகட்டும். நான் தகரத்தத் தொட மாட்டன்."

போகிறவர்களுக்குச் சில வார்த்தை. ஐப்பசியில் குடையும், சேற்றில் கழற்றத் தோதான செருப்பும் வேண்டும். கமராவை அரை மணி முன்பே வெளியில் எடுத்து வையுங்கள். வயற்காரரிடம் கேட்காமல் வரம்பில் ஏறாதீர்கள்.

என் சத்தத்தில் திடுக்கிட்டு எழும்பிய யோகன் போனில் ஒரு படம் எடுத்திருந்தார். பரணில் வாய் பிளந்து தகரம் தட்டும் நான், மேலே வானத்தில் பதினொரு புள்ளிகள். சொன்ன சொல்லுக்காக அதையே குழுவில் போட்டேன். ஆசிரியர் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு எழுதினார்: "மேலே இருப்பவை ஊசிவால்தான், ஏற்றுக்கொள்கிறோம். கீழே கத்துவது என்ன இனம்?"

மாசிக்கு லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன்.