காப்புக் கட்டுவதற்கு முன்

பூவராகவன் பம்பை அடித்தால்தான் ஆத்தா இறங்குவாள். அந்தக் காலனியில் இதை யாரும் சந்தேகப்பட்டதில்லை. நாற்பது வயது தாண்டும்வரை பூவராகவனும் சந்தேகப்பட்டதில்லை.

மாகறலைத் தாண்டி உள்ளே போகும் ஊர் அது. பெயர் வேண்டாம், அவர்கள் இன்னும் அங்கேதான் குடியிருக்கிறார்கள். வார நாட்களில் அவருக்குக் காஞ்சிபுரத்தில் ஒரு சாயப் பட்டறையில் வேலை. கொதிக்கிற தொட்டியில் பட்டு நூல் கட்டுகளைக் கழியில் மாட்டிப் புரட்ட வேண்டும், எடுத்து முறுக்கிப் பிழிய வேண்டும். ஆடி பிறந்தால் அதே கைகள் பம்பைக் குச்சிக்குப் போய்விடும். ஜோடி வேணுகோபால். வயதில் மூத்தவர், உறவில் மாமா. அவர் அம்மனை வர்ணித்துப் பாட, பூவராகவன் அடிக்க, ஈர மஞ்சள் புடவையோடு நிற்கும் சாமியாடி ரேணுகாம்பாளின் தோள் முதலில் நடுங்கும், அப்புறம் தலை சுழலும். ஆத்தா வந்துவிட்டாள் என்று ஊரே விழுந்து கும்பிடும்.

மனைவி லில்லி வாலாஜாபாத்தில் பிறந்தவர், கிறிஸ்தவக் குடும்பம். பஸ்ஸில் பழகிக் கட்டிக்கொண்டார்கள். சர்ச்சுக்குப் போகக் கூடாது என்று மாமியார் அன்று போட்ட நிபந்தனைக்கு லில்லி தலையாட்டினார். அப்புறம் பல வருஷம் அந்த வீட்டில் இயேசுவின் பெயர் சத்தமாகக் கேட்டதில்லை.

மாமியார் காலமான பிறகு லில்லியின் அப்பா டேனியலுக்குச் சர்க்கரை நோயில் கண் போயிற்று. பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் மகள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். அவர் கேட்டது ஒன்றுதான், சாயங்காலம் யாராவது பைபிள் வாசித்துக் காட்ட வேண்டும். லில்லி ஒரகடத்தில் கம்பெனி வேலை முடிந்து வர நேரமாகும். மகள் திரிஷாவுக்கு டியூஷன். மிச்சமிருந்தது பூவராகவன். மாமனார் மனசு நோகக் கூடாதே என்று வாசிக்க ஆரம்பித்தார். டேனியல் விளக்கமெல்லாம் சொல்ல மாட்டார். கேட்டபடி படுத்திருப்பார், பாதியில் தூங்கியும் போவார்.

அப்படி அவர் தூங்கிப்போன ஒரு சாயங்காலம்தான், இயேசு இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு சீஷர்களின் கால்களைக் கழுவுகிற இடம் வந்தது. பூவராகவன் நிறுத்தினார். மறுபடி முதலிலிருந்து வாசித்தார். அவருடைய அப்பாவும் தாத்தாவும் நிலக்காரர் களத்தில் நெல் தூற்றியவர்கள், வாசற்படிக்கு வெளியே நின்று கூலி வாங்கியவர்கள். லில்லி வீட்டுக்குள் நுழைந்ததும் கேட்டார்.

"இன்னா லில்லி இது, கால் கழுவறாரு? இவருதானே சாமி?"

"ஆமாங்க."

"யாரும் தடுக்கலயா?"

"ஒருத்தர் வேணாம்னு சொன்னாரு. அவரு கேக்கல, கழுவிட்டாரு."

பூவராகவன் அன்று சாப்பிடவில்லை. டேனியல் இறந்த பிறகும் வாசிப்பு நிற்கவில்லை. மறு வருஷம் வாலாஜாபாத் சர்ச்சில் ஞானஸ்நானம் வாங்கிக்கொண்டார். பெயரை மட்டும் மாற்றவில்லை. "அப்பா வெச்ச பேரு, இருந்துட்டுப் போவுது" என்றார்.

விஷயத்தை முதலில் சொன்னது வேணுகோபாலிடம்.

"மாமா, இனிமே நான் பம்பை அடிக்கறதில்ல."

"கை வலியா?"

"இல்ல மாமா. மனசு அங்க இல்ல."

வேணுகோபால் பம்பைக் குச்சிகளைத் துணியில் சுற்றி வைத்தார். "ஊரு வுடாது மாப்ள" என்றார் கடைசியில். கோபமே இல்லாமல் சொன்னார். அதுதான் பூவராகவனுக்குப் பயமாக இருந்தது.

அந்த ஆடிக்குச் செய்யாற்றுப் பக்கமிருந்து பம்பைக்காரர்களை வரவழைத்தார்கள். குறை சொல்ல முடியாதபடிதான் அடித்தார்கள். ரேணுகாம்பாள் மரம் மாதிரி நின்றார். கற்பூரத்தை மாற்றி மாற்றிக் காட்டியும் தோள் அசையவில்லை. கடைசியில் அந்த அம்மாள் தரையில் உட்கார்ந்து அழுதேவிட்டார். கூடியிருந்த தலைகள் எல்லாம் ஒரே பக்கம் திரும்பின. அந்தப் பக்கம் பூவராகவன் வீடு இருந்தது.

ஐப்பசியில் ரேணுகாம்பாளின் மருமகன் வாலாஜாபாத் ரோட்டில் லாரி மோதி இறந்துபோனார். மழை ஓய்ந்ததும் காலனிக் கிணற்றுத் தண்ணீர் நாறியது. தை மாதம் கன்றுகள் ஒன்றன்பின் ஒன்றாகச் செத்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருந்தது. ஊருக்கு ஒரே காரணம் போதுமாக இருந்தது.

யாரும் சண்டைக்கு வரவில்லை. பஸ்ஸில் பூவராகவன் உட்கார்ந்தால் பக்கத்து இருக்கை மாகறல்வரை காலியாகவே போகும். காலையில் லில்லி கதவைத் திறந்தால் படியில் குங்குமம் தடவிய எலுமிச்சம்பழம் கிடக்கும். அவர் பெருக்கித் தள்ளுவார். மறுநாள் இன்னொன்று கிடக்கும். சித்திரையில், திரிஷாவோடு பிளஸ் டூ படித்த பெண் ஒருத்தி வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ஒரு படம் போட்டாள். இவர்கள் வீட்டு வாசல்தான். கீழே வேறு எழுத்தில்லை, ஆடியில் கூழ் வார்க்கும் தேதி மட்டும் இருந்தது.

திரிஷா போன் செய்து கேட்டாள். "எனக்கு ஃபார்வர்டா வந்துச்சுப்பா, போட்டேன். நீ ஏன் சீன் போடற?" என்று அந்தப் பெண் வைத்துவிட்டாள். எடுத்தது யாரென்று கடைசிவரை தெரியவில்லை. பட்டப்பகலில், வாசலுக்கு நேராக, நிதானமாக நின்று எடுத்த படம்.

ஆனி பிறந்ததும் தம்பி தினகரன் வந்தார். அடுத்த வீடுதான், நடுவில் ஒரே சுவர். ஆனாலும் அன்று கதவைத் தட்டிவிட்டுத்தான் உள்ளே வந்தார்.

"ண்ணா, ஒரே ஒரு தடவ அடிச்சுட்டு வந்துடு. மனசுக்குள்ள நீ ஏசுவையே நெனச்சுக்கோ, யாரு பாக்கப் போறா? கைய மட்டும் குடு."

"கைய மட்டும் எப்படிடா தனியா குடுக்கறது?"

"எம் புள்ளய பால்வாடில யாரும் கூட சேத்துக்கறதில்ல, தெரியுமா உனக்கு? நீ பண்றதுக்கு நானும் சேந்து அழுவறேன்."

பூவராகவனுக்கு அது தெரியாது. தலை குனிந்தார். "மன்னிச்சுக்கடா" என்றார். ஆனால் அடிக்கிறேன் என்று சொல்லவில்லை. தினகரன் எழுந்து போகும்போது கதவைச் சாத்தாமல் போனார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வேப்பமரத்தடியில் ஊர் கூடியது. ஊர்ப் பெரியவர் சத்தம் போடாமல்தான் பேசினார்.

"உன் சாமிய வுடச் சொல்லலப்பா. உங்க தாத்தா காலத்துல இருந்து ஆத்தாவுக்கு உங்க வூட்டுக் கை. அதைக் குடுத்துட்டு அப்புறம் நீ எங்கனா போய்க் கும்பிடு."

பூவராகவன் கைகட்டி நின்றார். "பெரியவரே, நம்பிக்கை இல்லாம அடிச்சா உங்க ஆத்தாளையும் ஏமாத்தறேன், எங்க ஆண்டவரையும் ஏமாத்தறேன். கும்பிடறவங்கள நான் ஒண்ணும் சொல்லல. பந்தல் போட வரேன். கூழுக்குத் தண்ணி தூக்கறேன். பம்பைய மட்டும் தொட மாட்டேன்."

கூட்டத்தில் ஒரு முனகல் எழுந்து அடங்கியது. ரேணுகாம்பாள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். வெள்ளைச் சேலையில் விதவை மகள் பக்கத்தில் நின்றாள்.

"அப்போ காப்புக் கட்டறதுக்கு முன்ன ஊர வுட்டுப் போயிடு" என்றார் பெரியவர். "காப்பு கட்டிட்டா, உள்ள இருக்கறவங்க எல்லாம் ஆத்தாவுக்குக் கட்டுப்பட்டவங்க. மீறி இருந்தா, உனக்கு நாங்க பொறுப்பில்ல."

லில்லி காவல் நிலையம் போய்ச் சொன்னார். "திருவிழா முடியறவரைக்கும் சொந்தக்காரங்க வீட்ல இருந்துட்டு வாங்களேம்மா" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். சர்ச்சில் இருந்தவர்களும் வாலாஜாபாத்துக்கே வந்துவிடுங்கள் என்றார்கள். வீட்டுக்கு வந்து அவர் கணவரைக் கேட்டார்.

"போயிடலாமாங்க?"

"போயிட்டா, தப்பு பண்ணிட்டு ஓடினோம்னு ஆயிடும். நான் இந்த ஊர்க்காரன்தானே லில்லி? ஏசுவக் கும்பிட்டா ஊர் இல்லாமப் போயிடுமா?"

"உங்களுக்குப் பயமே இல்லயா?"

"இருக்குது. இல்லன்னு சொன்னா பொய்."

லில்லி அதற்குமேல் கேட்கவில்லை. கல்யாணத்துக்காக ஒருமுறை வாயை மூடிக்கொண்டவர் அவர். இந்த முறை, "அப்போ நானும் இருக்கேன்" என்றார். அழுது அடம்பிடித்த திரிஷாவை வாலாஜாபாத்தில் சர்ச்சுக்காரர் ஒருவர் வீட்டுக்கு அனுப்பினார்கள். அவள் பஸ் ஏறிய மறுநாள் கோயிலில் காப்புக் கட்டினார்கள். ஊர் எல்லையில் வேப்பிலைத் தோரணம் ஏறியது. இனி யாரும் வெளியே போய்த் தங்கவும் கூடாது, வெளியிலிருந்து வந்து தங்கவும் கூடாது.

அந்த வாரம் முழுக்கக் குழாயடியில் லில்லி போனால் பேச்சு நின்றுவிடும். கடையில் கேட்ட சாமான் எதுவும் இருக்காது. ஒருநாள் வீட்டு மின்சாரம் மட்டும் போனது. அதுவரை அந்தத் தெருவில் லைன் பார்த்துக் கொடுப்பவர் தினகரன்தான். அவர் வரவில்லை.

கூழ் வார்த்த அன்று மத்தியானம் கரகம் புறப்பட்டது. வழக்கமாகக் கோயிலிலிருந்து ஏரிக்கரை வழியாகப் போகும் ஊர்வலம் இந்தத் தெருவுக்குள் திரும்பியது. பம்பைச் சத்தம் நெருங்க நெருங்க, பூவராகவனின் விரல்கள் தொடைமேல் தானாகத் தாளம் போட்டன. அதைப் பார்த்து அவரே திடுக்கிட்டு, இரண்டு கைகளையும் கோத்துக்கொண்டார். இருவரும் முழங்காலில் நின்று ஜெபித்தார்கள். கதவு திறந்தே இருந்தது. சத்தம் வாசலில் வந்து சட்டென்று நின்றது.

அவர் வெளியே வந்தார். முன்னால் ரேணுகாம்பாள், தலையில் கரகம். பின்னால் ஊர். அதற்கும் பின்னால், காலனியில் இதுவரை பார்த்திராத சில இளவட்டங்கள் நிற்பதை லில்லி கவனித்தார். வேணுகோபால் பழைய பம்பையைக் கொண்டுவந்து படியில் வைத்தார். அவர் கண்கள் சிவந்திருந்தன.

"எடு மாப்ள" என்றார். "கெஞ்சிக் கேக்கறேன், எடுத்துடு."

"மாமா, நான் ஏசுவுக்குச் சொந்தமானவன். என்னால முடியாது."

ஒரு கல் வந்து கதவில் பட்டது. அடுத்தது லில்லியின் தோளில் பட்டது. கூட்டம் ஒரு எட்டு முன்னால் வந்தது. அப்போது தினகரன் ஆட்களை விலக்கிக்கொண்டு ஓடிவந்தார். கையில் பந்தல் கழி. "அடிக்காத கை உனக்கு எதுக்குடா?" என்று கத்தியபடி ஓங்கினார். பூவராகவன் முகத்தை மறைக்கத் தூக்கிய வலது கையில் விழுந்தது முதல் அடி. இரண்டாவதும் அதே இடத்தில். எலும்பு முறிந்த சத்தம் முன்வரிசைக்குக் கேட்டது.

பூவராகவன் படியில் சரிந்தார். ரேணுகாம்பாள் கரகத்தை இரு கையாலும் பிடித்துக்கொண்டு, "போலாம்... போலாம்பா..." என்றார். அது ஆத்தாவின் குரலாக இல்லை, நடுங்கிப்போன ஒரு கிழவியின் குரலாக இருந்தது. ஊர்வலம் நகர்ந்தது. பம்பைச் சத்தம் மறுபடி தொடங்க வெகுநேரம் ஆனது.

காஞ்சிபுரம் ஆஸ்பத்திரியில் போலீஸ் வந்து, அடித்தது யார் என்று கேட்டது. தெரியவில்லை என்று சொல்லிவிடுவார் என்றுதான் லில்லி நினைத்தார்.

"என் தம்பி தினகரன்" என்றார் பூவராகவன். "அவன அடிக்காதீங்க சார். ஆனா அடிச்சது அவன்தான்."

"ஏங்க சொன்னீங்க?" என்று லில்லி அப்புறம் கேட்டார்.

"பொய்யா நடந்துக்க மாட்டேன்னுதானே கை போச்சு. இப்போ பொய் சொன்னா?"

தினகரன் ஜெயிலுக்குப் போனார். தாசில்தார் அலுவலகத்தில் சமாதானக் கூட்டம் நடந்தது. ஒதுக்கிவைப்பு இல்லை என்று ஊர் ஒப்புக்கொண்டது. கடையில் சாமான் கொடுத்தார்கள், முகத்தைப் பார்க்காமல். பூவராகவனின் வலது மணிக்கட்டு முழுசாகத் திரும்பவில்லை. நூல் பிழிய முடியாது. பட்டறை முதலாளி நல்லவர், சாயம் கலக்கிற வேலைக்கு மாற்றினார். திரிஷா திரும்பி வந்து காஞ்சிபுரத்தில் காலேஜ் சேர்ந்தாள்.

ஜாமீனில் வந்த தினகரன் ஒரு காலையில் அண்ணன் வீட்டு வாசலில் நின்றார். இளைத்திருந்தார்.

"உள்ள வாடா" என்றார் பூவராகவன்.

அவர் வரவில்லை. நின்றபடியே சொன்னார். "அன்னிக்கு வெளியூர்ப் பசங்க வந்திருந்தானுங்க. யாரு கூட்டிக்கினு வந்ததுன்னு எனக்குத் தெரியாது. பெட்ரோல் கேன் வெச்சிருந்தானுங்க. வூட்டுக்குள்ள வெச்சுக் கொளுத்தறதாப் பேசிக்கினு இருந்தானுங்க. ரத்தம் பாத்தா கூட்டம் அடங்கிடும்னு நெனச்சேன். அதான்."

பூவராகவன் நம்பினாரா என்று லில்லிக்கே தெரியாது. அவர் தம்பியின் தோளில் இடது கையை வைத்தார். "இட்லி இருக்குது. சாப்ட்டுட்டுப் போ" என்று மட்டும் சொன்னார்.

தினகரன் சாப்பிட்டார். கை கழுவும்போது, "நாங்க ஒரகடத்துக்குக் குடி போறோம்" என்றார். "அந்தப் பசங்க வர ஆடிக்கும் வருவானுங்களாம் ண்ணா. நான் இருக்க மாட்டேன்."

தினகரன் குடும்பம் போனது. அடுத்த வீடு பூட்டிக் கிடக்கிறது. ஆனி மாதம் மறுபடி வேப்பமரத்தடியில் ஆட்கள் கூடினார்கள். இந்த முறை பூவராகவனைக் கூப்பிடவில்லை. லில்லி மகளிடம், பெட்டியை எடுத்து வை, வாலாஜாபாத் போ என்றார். திரிஷா பெட்டியை எடுக்கவில்லை.

"போன தடவ அனுப்பினீங்க, போனேன்" என்றாள். "இந்த தடவ முடியாதும்மா."

பூவராகவன் மகளை நிமிர்ந்து பார்த்தார். சாயங்காலம் மூன்று பேரும் பாயை விரித்து உட்கார்ந்தார்கள். லில்லி எழுந்து போய் வாசல் கதவை முழுக்கத் திறந்து வைத்தார். ஏரிக்கரைப் பக்கம் யாரோ பம்பையை வெயிலில் காயவைத்துத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பூவராகவன் பைபிளைத் திறந்து, தெருவுக்குக் கேட்கும்படியே, வாசிக்க ஆரம்பித்தார்.